பெற்றோல் ஹோஸில் காற்றுக் குமிழி: மலைநாட்டு மோட்டார் சைக்கிளுக்கான முழுமையான வழிகாட்டி

பெற்றோல் ஹோஸில் பொருத்திய பில்டர் பாதி வெறுமையாகத் தெரிந்தால் போதும், பலருக்கு மனம் நிலைகொள்ளாது. ஹோஸை மாற்றுவார்கள்; மறுநாளும் குமிழி அங்கேயே நிற்கும். பில்டரை மாற்றுவார்கள், புதிய பில்டரிலும் அதே குமிழி. பிறகு, பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் காபரேட்டரைக் கழற்றிக் கழுவுவார்கள். பணம் போகும், குமிழி போகாது. காபரேட்டர் பொருத்திய வண்டிகளில் பெரும்பாலானவற்றில் பெற்றோல் தன் எடையாலேயே கீழிறங்குகிறது. அத்தகைய வண்டியில் பில்டரின் மேற்பகுதியில் கொஞ்சம் காற்று நிற்பது வழமையான ஒன்று. பெற்றோல் அதன் அடியால் ஓடிக்கொண்டே இருக்கும். நனைந்த பில்டர் தாள் காற்றை எளிதில் ஊடுருவ விடாது, ஹோஸும் ஒடுங்கியது, அதனால் குமிழிக்குப் போக வழியில்லை. எஞ்சின் கேட்பது போதிய ஓட்டத்தை மட்டுமே.

எவ்வளவு போதும்? 100 சீசீ வண்டி ஒன்று தட்டையான வீதியில் லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் அது நிமிடத்துக்குக் குடிப்பது ஏறத்தாழ 13 மில்லிலீற்றர். இலங்கை மலைநாட்டின் கினிகத்தேனை ஏற்றத்தில் முனகிக்கொண்டு ஏறும்போது லீற்றருக்கு 25 கிலோமீற்றராகி, வேகமும் 30க்கு இறங்கினால் 20 மில்லிலீற்றர். 150 சீசீ வண்டியை முழுதாக முறுக்கினாலும் நிமிடத்துக்கு 70 மில்லிலீற்றர் அளவில்தான் நிற்கும். தாங்கியின் அடியில் பெற்றோலைத் திறந்து மூடும் டெப் அடைபடாமல் இருந்தால் இதைவிடத் தாராளமாக இறக்கிவிடும். ஆகவே குமிழியைத் துரத்தாமல் ஓட்டத்தை அளப்பதே இந்த வழிகாட்டி முழுவதற்கும் அடிப்படை.

தொடங்கும் முன்

வேலையை வெளியில் வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. தரையோடு தவழ்ந்து தாழ்ந்த இடத்தில் தேங்கும். லயத்துக் காம்பராவின் திண்ணையில் வண்டியை நிறுத்தி ஹோஸைக் கழற்றினால், உள்ளே எரியும் விறகடுப்புக்கு அந்த ஆவி போய்ச் சேரப் படியிறங்கினாலே போதும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். சிகரெட், குப்பி விளக்கு, தீக்குச்சி எதுவும் அருகில் வேண்டாம். ஒரு வாளி மணலைப் பக்கத்தில் வையுங்கள். வாயால் உறிஞ்சிப் பெற்றோல் இறக்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. ஒரு மிடறு நுரையீரலுக்குள் போனாலே ஆளை வைத்தியசாலையில் படுக்க வைத்துவிடும்.

தேவையானவை சில்லறைப் பொருட்கள்தாம்: ஸ்குரூ டிரைவர், குறடு, அளவுக் கோடு உள்ள தெளிந்த போத்தல், அரை மீற்றர் ஹோஸ், புதிய கிளிப்புகள், உலர்ந்த துணி, நேரம் பார்க்கக் கைப்பேசி.

படி 1: குமிழி என்ன செய்கிறது என்று பாருங்கள்

எஞ்சினை ஓடவிட்டு ஐந்து நிமிடம் பில்டரையும் ஹோஸையும் கவனியுங்கள். ஓரிடத்தில் அசையாமல் நிற்கும் காற்று பெரும்பாலும் கெடுதலற்றது. வண்டி நன்றாக இழுத்தால் அதை அப்படியே விட்டுவிடலாம்.

காபரேட்டர் பக்கமிருந்து தாங்கியை நோக்கிப் பெரிய குமிழிகள் விட்டுவிட்டு மேலேறினால் நிலைமை வேறு. கவிழ்த்த போத்தலிலிருந்து தண்ணீர் களக் களக் என்று இறங்குவது போல, தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி அது காற்றைக் கீழிருந்து இழுக்கிறது என்று பொருள். நேரே படி 3க்குப் போங்கள்.

எஞ்சின் சூடேறிய பிறகு மட்டும் மணல் போன்ற நுண்குமிழிகள் சரம் சரமாகக் கிளம்பினால், பெற்றோல் ஹோஸுக்குள்ளேயே கொதிக்கத் தொடங்கியிருக்கிறது. அதற்குத் தனிப் பகுதி கீழே இருக்கிறது.

இன்னொன்றைக் காற்று என்று எண்ணி ஏமாறுபவர்கள் அதிகம். பில்டரின் அடியில் பளபளக்கும் உருண்டை ஒன்று, வண்டியை அசைத்தால் இங்குமங்கும் உருளும், ஆனால் மேலேறாது. அது தண்ணீர். பெற்றோலைவிட நீர் பாரமானது, அதனால் அடியிலேயே கிடக்கும். மூடுபனியும் தொடர்மழையும் உள்ள நம் பக்கத்தில், பாதி நிறைந்த தாங்கியின் உட்சுவரில் இரவில் நீர் வியர்த்து இறங்கும். தாங்கி மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்திலிருந்து மழைநீரை வெளியேற்றும் சிறு துளை சேற்றால் அடைபட்டிருந்தால், அங்கு தேங்கும் நீரும் மூடி வழியாக உள்ளே கசியும். பெற்றோல் முடியும் தறுவாயிலேயே வண்டியை ஓட்டுபவர்களுக்கு இந்தத் தொல்லை கூடுதல். 2022இல் பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூ.ஆர். முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர்தான் என்றிருந்த காலத்தில், எல்லோருடைய தாங்கியும் அடிமட்டத்திலேயே கிடந்தது. கிடைத்த பெற்றோலைக் கண்ட கண்ட கான்களில் சேர்த்து வைத்தோம். அந்தக் காலத்துத் துருவும் கசடும் இன்னும் தாங்கியின் அடியில் உள்ள வண்டிகள் உண்டு.

படி 2: பெற்றோல் பஞ்சமா, வேறு கோளாறா?

பெற்றோல் வராமல் நிற்கும் எஞ்சின் திடீரென்று அணையாது. காபரேட்டரின் அடிக்கிண்ணத்தில் உள்ளது தீரும்வரை ஓடும், பிறகு இழுவை குறையும், திக்கும், கடைசியில் நிற்கும். சுவிட்சைத் திருகியதுபோல் சட்டென்று நின்றால் மின்சாரப் பக்கம் தேடுங்கள்.

திக்கத் தொடங்கிய கணத்தில், காற்றைக் குறைத்துப் பெற்றோல் பங்கைக் கூட்டும் சோக்கைப் பாதி இழுத்துப் பாருங்கள். சற்று உயிர் வந்தால் பெற்றோல் குறைகிறது. இன்னும் மோசமாகி மூச்சுத் திணறினால் பெற்றோல் கூடிப்போயிருக்கிறது. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தின் ஐந்தில் நான்கு பங்குதான். கொழும்பில் சரிசெய்த காபரேட்டர் அங்கே தேவைக்கு மேல் பெற்றோல் கொடுக்கும். பிளக் கரிபிடிக்கும், இழுவை குறையும். அதைப் பெற்றோல் குழாயில் தேடி ஒரு பயனுமில்லை. காபரேட்டர் வண்டி எதுவானாலும் நானுஓயாவைத் தாண்டியதும் கொஞ்சம் சோம்பல் படத்தான் செய்யும்.

படி 3: தாங்கி மூடி

என் கணிப்பில் மலைநாட்டில் இதுவே முதல் சந்தேக நபர். பெற்றோல் இறங்க இறங்க அதன் இடத்துக்குக் காற்று வர மூடியில் நுண்ணிய துளை ஒன்று இருக்கிறது. தூசி, செம்மண் சேறு, வண்டி கழுவிய சவர்க்காரம், மெருகு மெழுகு எல்லாம் அதை அடைக்கின்றன. மழைக்காலத்தில் தாங்கி மூடிமேல் பொலித்தீன் பையை இறுக்கிக் கட்டும் வழக்கமும் அதே வேலையைச் செய்கிறது.

சமவெளியில் அடைபட்ட மூடி மெதுவாகத்தான் தொல்லை கொடுக்கும். இங்கே இறக்கம் அதை விரைவுபடுத்துகிறது. கணக்கைப் பாருங்கள். தாங்கிக்கும் காபரேட்டருக்கும் இடையே 15 முதல் 20 சென்ரிமீற்றர் உயரம் இருக்கும். அந்தப் பெற்றோல் நிரல் கொடுக்கும் அழுத்தம் ஒன்றரைக் கிலோபாஸ்கலுக்கு மேற்படாது. ஆனால் நுவரெலியாவிலிருந்து இறங்கும்போது ஒவ்வொரு 100 மீற்றர் இறக்கத்துக்கும் வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் ஒரு கிலோபாஸ்கல் கூடுகிறது. மூடி முழுதாக அடைபட்டிருந்தால் 150 மீற்றர் இறங்குவதற்குள் வெளிக்காற்று பெற்றோலைத் தடுத்து நிறுத்திவிடும். லபுக்கலை, இறம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்குப் போகும் வீதி 1300 மீற்றருக்கு மேல் இறங்குகிறது. வெயிலில் சூடேறிய தாங்கிமேல் இடையில் மழை பெய்தால், உள்ளே இருக்கும் காற்றும் ஆவியும் குளிர்ந்து சுருங்கி இன்னும் இழுக்கும்.

இறக்கத்தில் அக்ஸிலரேட்டரை மூடியே வருகிறோம், அதனால் கோளாறு அப்போது தெரியாது. இறங்கி முடித்துத் தட்டையில் முறுக்கும்போதுதான் வண்டி நிற்கும். புசல்லாவையில் தேநீர்க் கடை முன்னால் இளைஞர் ஒருவர் உதைத்து உதைத்து ஓய்ந்து நின்றார். பிளக் கழற்றிக் கையில் இருந்தது, முகத்தில் வியர்வை. கடைவாசலில் இருந்த முதியவர் எழுந்துகூட வரவில்லை. “தம்பி, பிளக்கை மாட்டுங்கள். தாங்கி மூடியைத் திறந்து மூடிவிட்டு மிதித்துப் பாருங்கள்,” என்றார். திறந்ததும் புஸ்ஸென்று காற்று உள்ளே போன சத்தம் எதிர்ப்பக்கம் நின்ற எங்களுக்கே கேட்டது. ஒரு நிமிடம் கழித்து இரண்டாவது மிதியில் எஞ்சின் பற்றிக்கொண்டது.

அவர் செய்யச் சொன்னதே சோதனையும் ஆகும். திக்கும்போது வண்டியை ஓரங்கட்டி, மூடியை மெதுவாகத் திறந்து காது கொடுங்கள். காற்று உள்ளே போகும் சத்தமும், அதன் பின் வண்டி ஒழுங்காக ஓடுவதும் சேர்ந்து வந்தால் நோய் கண்டுபிடித்தாயிற்று. மூடியைக் கழற்றி அடிப்பக்கத் துளையைக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். மெல்லிய கம்பியால் மென்மையாகக் குத்தலாம், துளையைப் பெருப்பிக்கக் கூடாது. மழைநீருக்கு வாசல் திறந்துவிடுவீர்கள். வீதியில் அகப்பட்டுக்கொண்டால், அடுத்த கராஜ் வரை நான்கைந்து கிலோமீற்றருக்கு ஒருமுறை மூடியைத் திறந்து மூடிக்கொண்டே போகலாம்.

காபரேட்டருக்கும் சுவாசக் குழாய் ஒன்று உண்டு. பக்கவாட்டில் தொங்கும் மெல்லிய ஹோஸ். தோட்டத்தில் பல நாள் நிறுத்தி வைத்த வண்டியில் அதற்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கக்கூடும். அதையும் ஊதிப் பாருங்கள்.

படி 4: ஓட்டத்தை அளத்தல்

தாங்கி முக்கால் அளவாவது நிறைந்திருக்கும்போது இதைச் செய்யுங்கள். காற்று நிற்கும் இடம் குறைவாக இருந்தால் அடைபட்ட மூடி சில நொடிகளில் தன்னைக் காட்டிக்கொடுக்கும். தாங்கி காலியாக இருந்தால் நெடுநேரம் ஏமாற்றும்.

டெப்பை மூடுங்கள். காபரேட்டர் முனையில் கிளிப்பைத் தளர்த்தி ஹோஸை இழுங்கள். நெடுநாள் ஒட்டியிருந்தால் முறுக்கிக் கழற்றுங்கள். பலமாக இழுத்தால் காபரேட்டரின் பித்தளை முனை அசைந்துவிடும். ஹோஸ் முனையைப் போத்தலுக்குள் விட்டு, தாங்கி மூடியை மூடியபடியே டெப்பைத் திறந்து ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். அளவைக் குறியுங்கள். நிறுத்தாமல் இரண்டாவது நிமிடத்தையும் அளவிடுங்கள். பிறகு மூடியைத் திறந்து வைத்து மூன்றாம் முறை.

100 முதல் 150 சீசீ வண்டிக்கு நிமிடத்துக்கு 150 மில்லிலீற்றர் வந்தால் தேவைக்கு இரு மடங்கு இருக்கிறது. ஓட்டம் சீராக இருந்தால் பில்டரில் எத்தனை குமிழி இருந்தாலும் மறந்துவிடுங்கள். முதலில் நன்றாக வந்து போகப்போகச் சொட்டுச் சொட்டாகி, மூடியைத் திறந்ததும் மீண்டும் பெருகினால் குற்றவாளி மூடி. மூடி திறந்தும் குறைவு என்றால் பில்டரை விலக்கி, டெப்பிலிருந்து நேரே அளவிடுங்கள். இப்போது பெருகினால் பில்டர். இப்போதும் குறைவென்றால் டெப்புக்குள், அல்லது தாங்கிக்குள் அதன் தலையில் இருக்கும் வலையில் கசடு. தாங்கியின் அடிமட்டப் பெற்றோலை எடுக்கும் டெப் நிலையான ரிசேவில் மட்டும் குறைகிறது என்றால் தாங்கியின் அடியில் துரு படிந்திருக்கிறது. தாங்கியை இறக்கிக் கழுவுவதைத் தவிர வேறு வழியில்லை.

எல்லா அளவும் சரியாக இருந்தும் வண்டி பட்டினி கிடந்தால், காபரேட்டருக்குள் மிதவையின் ஊசி ஒட்டியிருக்கும் அல்லது உள்ளே பெற்றோல் வரும் நுண்துளையான ஜெட் அடைத்திருக்கும். அது வேறு கதை.

படி 5: ஹோஸின் பாதை

டெப்பிலிருந்து காபரேட்டர் வரை ஹோஸ் இறங்கிக்கொண்டே போக வேண்டும். இடையில் மேடு ஒன்று எழும்பினால் அந்த முடுக்கில் காற்று குடியேறும். மிக நீளமான ஹோஸைச் சுருட்டித் திணிப்பதுதான் இதற்கு வழமையான காரணம். கூர்மையாக மடிந்தால் நசுங்கும். பில்டரை, அம்புக்குறி காபரேட்டரைப் பார்க்கும்படி, தாங்கிப் பக்க முனை மேலே இருக்குமாறு சாய்த்துப் பொருத்துங்கள். அகப்பட்ட காற்றுக்குத் தாங்கிக்குத் திரும்ப வழி கிடைக்கும். பெரிது நல்லது என்று கார் பில்டர் வாங்கிப் பூட்டுபவர்கள் இருக்கிறார்கள். அது பம்பின் அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டது; தன் எடையால் இறங்கும் பெற்றோலுக்கு அது பெருந்தடை.

ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஹோஸ் பார்க்க வசதியாக இருக்கும். வெயிலிலும் சூட்டிலும் மஞ்சளித்து இறுகி, கிளிப் இருக்கும் இடத்தில் வெடிக்கும். விரலால் அழுத்தினால் வளையாத ஹோஸை அன்றே மாற்றுங்கள். பெற்றோலுக்கென்று விற்கும் ரப்பர் ஹோஸே என் தேர்வு. முனையின் தடிப்புக்கு ஏற்ற உள்விட்டம் முக்கியம். தளர்வான ஹோஸைக் கம்பியால் சுற்றிக் கட்டுவது கசிவுக்கு அழைப்பு. வெடித்த ஹோஸ் காற்றை உறிஞ்சும் என்ற பேச்சு காபரேட்டர் வண்டிக்குப் பெரும்பாலும் பொருந்தாது. உள்ளே அழுத்தம் வெளியைவிடச் சற்றுக் கூட இருப்பதால் அங்கே பெற்றோல்தான் வெளியே கசியும்.

வளைவில் சாய்வதால் குமிழி வருகிறது என்பதும் ஒரு நம்பிக்கை. வண்டியோடு சேர்ந்தே பெற்றோலும் சாய்கிறது. தாங்கிக்குள் அது நடுவிலேயே நிற்கும். செங்குத்தான இறக்கம் அப்படியல்ல. பெற்றோல் முன்பக்கம் ஓடிவிட, பின்பக்கம் அடியில் இருக்கும் டெப்பின் வாய் வெளியே தெரிந்து காற்று நுழையும். ரிசேவுக்குப் போய்விட்ட தாங்கியோடு இறக்கத்தில் இறங்கினால் இதை எதிர்பார்க்கலாம்.

படி 6: காற்றை வெளியேற்றுதல்

புதிய ஹோஸ் பூட்டிய பின்னும், தாங்கி முற்றாக வற்றிய பின்னும் இது தேவைப்படும். வண்டியை நிமிர்த்தி நிறுத்தி, தாங்கி மூடியைத் திறந்து, டெப்பை ரிசேவில் வையுங்கள். காபரேட்டரின் அடிக்கிண்ணத்தில் வடிகால் திருகு இருக்கும். அதன் குழாயைப் போத்தலுக்குள் விட்டுத் திருகை ஒன்றரைச் சுற்று தளர்த்துங்கள். முதலில் விக்கி விக்கி வரும், பிறகு சீரான தாரையாகும். அப்போது பில்டரை விரலால் தட்டுங்கள், ஹோஸைக் கிள்ளி விடுங்கள். பெரிய குமிழிகள் மேலே போய்விடும். தாரை அரை நிமிடம் உடையாமல் வந்தால் திருகை மூடுங்கள். மென்மையாக, அந்தத் திருகின் மரை பித்தளையோ அலுமினியமோ, முரட்டுக் கைக்குத் தாங்காது. போத்தலில் விழுந்ததைச் சற்று ஆறவிட்டுப் பாருங்கள், அடியில் நீர்ப்படலம் தெரிந்தால் இன்னொரு முறை வடியுங்கள். எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த துணியால் தொட்டு, ஈரம் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு வீதிக்கு இறங்குங்கள்.

சூட்டில் கொதிக்கும் பெற்றோல்

பெற்றோல் பல திரவங்களின் கலவை. அதன் இலேசான பகுதி கடல்மட்டத்தில் 35 முதல் 40 பாகை செல்சியஸிலேயே ஆவியாகத் தொடங்கும். நுவரெலியா உயரத்தில் இது இன்னும் ஆறு பாகை அளவு குறையும். அங்குள்ள குளிர் நம்மைக் காப்பாற்றிவிடுகிறது. ஆபத்து இடைப்பட்ட ஏற்றங்களில்தான். அவிசாவளை, கித்துல்கலை வெக்கையில் சூடேறிய வண்டி கொழுந்து லொறி ஒன்றின் பின்னால் நடைவேகத்தில் ஏறும்போது எஞ்சினுக்குக் காற்று படாது. சிவனொளிபாதமலைப் பருவத்தில், டிசம்பர் முதல் மே வரை, மஸ்கெலியாவிலிருந்து நல்லதண்ணி போகும் நெரிசலிலும் இதே நிலை. வண்டியை நிறுத்திய பிறகு சூடு இன்னும் ஏறும். பத்து நிமிடம் தேநீர் குடித்துவிட்டு வந்தால் பற்றாது என்பதன் காரணம் இது.

நிழலில் நிறுத்தி, மூடியை மிக மெதுவாகத் திறந்து ஆவியை வெளியேற்றுங்கள். ஈரத்துணியை ஹோஸிலும் காபரேட்டரின் அடிக்கிண்ணத்திலும் சுற்றிக் கால் மணி நேரம் பொறுங்கள். எஞ்சின் தலையில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், சூடான வார்ப்பு உலோகத்தில் விரிசல் விழக்கூடும். நிரந்தரத் தீர்வு, ஹோஸைச் சிலிண்டரைச் சுற்றியுள்ள சூடாற்றும் தகடுகளிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளிக் கொண்டுபோவது.

ஸ்கூட்டரும் பம்ப் வண்டியும்

பல காபரேட்டர் ஸ்கூட்டர்களில் டெப், எஞ்சினின் உறிஞ்சலால் திறக்கும் வகையைச் சேர்ந்தது. எஞ்சின் சுழலாமல் பெற்றோல் வராது, ஆகவே படி 4இன் அளவை அப்படியே பொருந்தாது. உறிஞ்சல் ஹோஸைக் கழற்றி முகர்ந்து பாருங்கள்; உள்ளே பெற்றோல் ஈரம் இருந்தால் டெப்புக்குள் சவ்வு கிழிந்திருக்கிறது, முழு டெப்பையும் மாற்றுங்கள். அந்த மெல்லிய ஹோஸில் ஒரு வெடிப்பு இருந்தாலும் ஓட்டம் குறையும்.

ஃபியூல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் தாங்கிக்குள் இருக்கும் பம்ப் சுமார் 3 பார் அழுத்தத்தில் பெற்றோலைத் தள்ளுகிறது. கிளிப்பைத் தளர்த்தியதும் முகத்தில் பீய்ச்சும். முதலில் பம்பின் மின் இணைப்பைக் கழற்றி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்ட பிறகே ஹோஸில் கை வையுங்கள். சாதாரண ஹோஸை அங்கே ஒருபோதும் பூட்டாதீர்கள். தாங்கி வற்றிக் காற்று புகுந்திருந்தால் இரண்டு லீற்றராவது ஊற்றி, சாவியைத் திருப்பி பம்ப் இரண்டு மூன்று நொடி முனகி ஓயும்வரை காத்திருங்கள்; சாவியை மூடித் திறந்து இதை நான்கைந்து முறை செய்தால் காற்று தள்ளப்பட்டுவிடும். ஏற்றத்தில் மட்டும் திக்கி, தாங்கி நிறைந்ததும் குணமானால் பம்பின் வாய் பெற்றோலுக்கு வெளியே வருகிறது. கால் தாங்கிக்குக் கீழே போகவிடாமல் ஓட்டுங்கள். சாவியைத் திருப்பியும் பம்பின் முனகல் கேட்கவில்லை என்றால் பியூஸையும் இணைப்பையும் பாருங்கள். அவை சரியென்றால் அழுத்தமானி வைத்திருக்கும் கராஜ் ஒன்றுக்கே வண்டியை ஏற்றிச் செல்லுங்கள்.